விபத்துக்குப் பிறகு அண்ணன் அதே ஆள்தானா? ஒருவரை அவராக வைத்திருப்பது எது?

சிப்புட் தங்கச்சி:

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெரிய அண்ணன் செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆலையில் வேலை செய்தவர். போன வருடம் வேலை முடிந்து மோட்டாரில் வீட்டுக்கு வரும் வழியில் கார் மோதி நெற்றிப் பக்கம் பலமான அடி. பல நாள் நினைவில்லாமல் கிடந்து பிழைத்து வந்தார். கை கால் நன்றாக இருக்கிறது. ஞாபகமும் அப்படியே இருக்கிறது, அதுதான் எனக்கு விளங்கவே மாட்டேன் என்கிறது. நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டத்தில் எந்த லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) யார் குடியிருந்தார்கள், பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்பதற்கு) தாமதமாக வந்து கிராணியிடம் (கணக்கரிடம்) ஏச்சு வாங்கியது யார், அம்மா எந்த நிரையில் பால் எடுக்க மரம் வெட்டினார், மரத்தில் உறைந்த ஒட்டுப்பால் பொறுக்கப் போனபோது அட்டை கடித்தது என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறார். நான் மறந்ததைக்கூட அவர் சொல்கிறார்.

ஆனால் குணம் வேறாகிவிட்டது. முன்பு அண்ணன் சத்தம் போட்டுப் பேசியே நாங்கள் கேட்டதில்லை. சம்பளம் வாங்கினால் முதலில் அம்மா கையில் கொடுத்துவிட்டுத்தான் மற்றது. இப்போது வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை, கையில் காசு இருந்தால் அன்றைக்கே காலி, யாருடைய குறையையும் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறார். பெரியப்பா இறந்த வீட்டில் எல்லாரும் அழுதுகொண்டிருக்கும்போது யாரோ போட்டிருந்த சட்டையைப் பார்த்து உரக்கச் சிரித்தார். பெரியப்பாதான் அவரைத் தோளில் தூக்கி வளர்த்தவர். அது அவருக்கு ஞாபகம் இருக்கிறது, கேட்டால் சொல்கிறார், ஆனால் கண்ணில் ஒன்றும் இல்லை.

அண்ணி சொல்கிறார், "இவரு நான் கட்டிக்கிட்ட ஆளு இல்ல. அவரு அந்த ரோட்டுலயே போய்ட்டாரு." அம்மா சொல்கிறார், "எப்படி இருந்தாலும் என் வயித்துல பொறந்தவன், அவன்தான் இவன்." அண்ணனைக் கேட்டால், "நான் நானாத்தான் இருக்கேன், நீங்கதான் எல்லாரும் மாறிட்டீங்க" என்கிறார். மூன்று பேரும் மனதில் பட்டதைத்தான் சொல்கிறார்கள். யாரையும் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. நடுவில் நிற்கிற எனக்குத்தான் தலை சுற்றுகிறது.

உடம்பா, ஞாபகமா, குணமா, கூட இருக்கிறவர்கள் பார்க்கிற பார்வையா, எதை வைத்து ஒரு மனிதரை இவர் இன்னார் என்கிறோம்? எனக்கு இது பொழுதுபோக்குக் கேள்வி இல்லை. அண்ணி அவருடைய அம்மா வீட்டுக்குப் போய்விடலாமா என்று யோசிக்கிறார். செய்வினை, கிரக தோஷம் என்று தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம், அதெல்லாம் சொந்தக்காரர்கள் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது.


பழைய வாத்தியார்:

தங்கச்சி, தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். உன் கேள்வியைப் படித்ததும் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் லாக்தான் நினைவுக்கு வந்தார். 1694இல் தன் நூலில் அவர் எழுதிச் சேர்த்த ஒரு பகுதியில் இதே சிக்கலைத்தான் எடுக்கிறார். ஓர் இளவரசனின் மனம் அதன் நினைவுகளோடு ஒரு செருப்புத் தைப்பவனின் உடம்புக்குள் போய்விட்டால், எழுந்திருப்பவன் யார்? ஊரார் கண்ணுக்கு அவன் அதே செருப்புத் தைப்பவன். ஆனால் இளவரசன் செய்த காரியங்களை எல்லாம் "நான் செய்தது" என்று உள்ளிருந்து உணர்கிறவன் அவன்தான், ஆகவே ஆள் இளவரசன் என்பது லாக்கின் முடிவு. உடம்பைக் காட்டிலும் நினைவின் தொடர்ச்சிக்கு அவர் தருகிற இடம் பெரியது.

அந்தக் கணக்கில் உன் அண்ணன் அதே அண்ணன். மறுபேச்சு இல்லை. பெரியப்பா தோளில் தூக்கியதை "என்னைத் தூக்கினார்" என்று சொல்கிறார் அல்லவா?

இந்த வாதத்தில் ஓட்டை இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். 1785இல் தாமஸ் ரீட் என்ற இன்னொரு தத்துவ அறிஞர் ஒரு கேள்வி கேட்டார். சிறுவயதில் தோப்பில் பழம் திருடி அடிவாங்கிய பையன் வளர்ந்து போர்வீரனாகி எதிரியின் கொடியைப் பிடுங்குகிறான், பிறகு தளபதி ஆகிறான். கொடியைப் பிடுங்கியபோது அடிவாங்கியது ஞாபகம் இருந்தது. தளபதி ஆனபோது கொடி ஞாபகம் இருக்கிறது, அடி மறந்துவிட்டது. அப்படியானால் தளபதி அந்தப் பையன் இல்லையா? நினைவை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் இப்படி முட்டுச்சந்தில் போய் நிற்போம். தோட்டத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட நம் ஆயாக் கொட்டகை நாட்கள் நம்மில் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? அங்கே அழுத குழந்தை நாம் இல்லை என்று யாரும் சொல்வதில்லையே.

இன்னொன்று, லாக்குக்கு இந்தக் கேள்வி முக்கியமாகப் பட்டதே பொறுப்பு யாருடையது என்பதற்காகத்தான். குடிபோதையில் ஒருவன் செய்ததற்குத் தெளிந்த பிறகு அவனைத் தண்டிக்கலாமா என்று அதே இடத்தில் கேட்கிறார். சம்சு என்ற மலிவுச் சாராயத்தைக் குடித்துவிட்டு லயத்தில் ரகளை செய்து, மறுநாள் காலையில் ஒன்றும் தெரியாதவர் போல மரம் வெட்டப் போனவர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தக் கேள்வி புதிதே இல்லை. உன் அண்ணன் விஷயத்திலும் உண்மையில் வீட்டில் ஓடுவது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் திட்டும்போது யார் மேல் கோபப்படுவது?


கூலிம் மல்லிகா:

வாத்தியார் ஐயா நன்றாக எழுதியிருக்கிறார், ஆனால் நினைவுதான் ஆள் என்பதை என்னால் ஏற்க முடியாது ஐயா. எங்கள் வீட்டில் தலைகீழாக நடக்கிறது.

அப்பாவுக்கு மறதி நோய். என் பெயர் போய்விட்டது, நான் மகள் என்பதும் போய்விட்டது, சில நாள் என்னை "அக்கா" என்கிறார், அவருடைய அக்கா எப்போதோ இறந்துவிட்டார். அம்மா இறந்ததும் தெரியாது. விடியற்காலையில் எழுந்து ரப்பர் மரம் வெட்டும் உளியைத் தேடுகிறார், மழை பெய்தால் "இன்னைக்கு வெட்டு இல்ல" என்று மறுபடியும் படுத்துக்கொள்கிறார். ஆனால் தட்டில் சோறு வைத்தால் "நீ சாப்பிட்டியா" என்று கேட்காமல் கை வைக்க மாட்டார். வீட்டுக்கு யார் வந்தாலும், தெரியாத ஆளாக இருந்தாலும், நாற்காலியை இழுத்துப் போட்டு "பசியாறிட்டுப் போங்க" என்பார். தோட்டத்தில் மண்டோராக (வேலையாட்களை மேற்பார்ப்பவராக) இருந்தபோதும் அவர் அப்படித்தான், யாரையும் நிற்கவைத்துப் பேசினதில்லை என்று ஊரே சொல்லும்.

அப்பா என்னை மறந்துவிட்டார், ஆனால் எனக்கு அவர் அப்பாதான், ஒரு நாளும் வேறு ஆள் என்று தோன்றியதில்லை. உங்கள் அண்ணிக்கு ஏன் அப்படித் தோன்றுகிறது என்பது எனக்கு நன்றாகப் புரிகிறது. அவர் பழகியது ஞாபகத்தோடு இல்லை, குணத்தோடு.


புனர்வாழ்வு மணி:

அக்கா இருவருக்கும் வணக்கம். நான் தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன், தலையில் அடிபட்டவர்களோடுதான் பெரும்பாலும் என் பொழுது போகிறது. சிப்புட் அக்கா எழுதியதைப் படித்தபோது எனக்குப் பழக்கப்பட்ட கதையாகத்தான் இருந்தது, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளைப்பகுதிதான் நாக்கில் வந்ததை நிறுத்தி வைப்பது, காசை நாளைக்கு என்று ஒதுக்குவது, எதிரில் இருப்பவர் மனம் என்ன பாடுபடும் என்று கணிப்பது போன்ற காரியங்களில் பெரும்பங்கு வகிக்கிறது. பழைய நினைவுகள் அதை மட்டும் நம்பி இருப்பவை அல்ல. அதனால் அங்கே அடிபட்டவருக்கு லயத்துக் கதைகள் எல்லாம் பத்திரமாக இருக்கும், சாவு வீட்டில் சிரிப்பை அடக்க மட்டும் முடியாது. அதில் வேண்டுமென்றே செய்வது எதுவும் இல்லை. "நான் மாறவில்லை" என்று அவர் சொல்வதும் பிடிவாதம் இல்லை. தன்னிடம் ஏற்பட்ட மாற்றத்தைக் கவனிக்கிற திறனும் அதே காயத்தில் பாதிக்கப்படுவது உண்டு. அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை, அதனால் வாதம் செய்து ஒப்புக்கொள்ள வைக்கப் பார்த்தால் சண்டைதான் மிஞ்சும்.

இதில் எல்லாரும் சொல்லும் பழைய சம்பவம் ஒன்று உண்டு. 1848 செப்டம்பரில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ரயில் பாதை போடப் பாறை உடைக்கும்போது பினியாஸ் கேஜ் என்ற 25 வயது மேற்பார்வையாளருக்கு வெடி தவறி, ஒரு மீட்டருக்கும் மேல் நீளமான, ஆறு கிலோ எடையுள்ள இரும்புக் கம்பி இடது கன்னத்தில் புகுந்து உச்சந்தலை வழியாக வெளியேறியது. பிழைத்துக்கொண்டார். நடந்தார், பேசினார். ஆனால் "இவர் பழைய கேஜ் இல்லை" என்று கூட்டாளிகள் சொன்னதாக அவருக்கு வைத்தியம் பார்த்த ஜான் ஹார்லோ எழுதிவைத்தார். உங்கள் அண்ணி சொன்ன அதே வார்த்தைதான். பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடும். பிற்பாதியைத்தான் நான் குடும்பங்களிடம் சொல்வது. அவர் அப்புறம் சிலி நாட்டுக்குப் போய்ப் பல வருடம் பயணிகள் குதிரை வண்டி ஓட்டினார். பல குதிரைகளைக் கட்டுப்படுத்தி, நேரத்துக்குப் புறப்பட்டு, பயணிகளோடு பேசிப் பழக வேண்டிய வேலை அது. 1860இல் இறக்கும் முன் அவர் நிறையவே தேறியிருக்க வேண்டும் என்று பிற்கால ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். தினமும் ஒரே ஒழுங்கில் நடக்கிற வேலை அவரைத் தாங்கிப் பிடித்திருக்கும் என்பது அவர்கள் கணிப்பு. எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது, வேலையில் பார்ப்பதை வைத்துச் சொல்கிறேன்.

மல்லிகா அக்கா சொன்னதை ஆய்வாகவே செய்தவர்கள் இருக்கிறார்கள். நீனா ஸ்ட்ரோமிங்கரும் ஷான் நிக்கல்ஸும் 2015இல் வெளியிட்டது. அல்சைமர் மறதி நோய், நெற்றிப்பகுதி மூளைத் தேய்வு, உடல் தசைகளை முடக்கும் நரம்பு நோய் என்று மூன்று வகை நோயாளிகளின் குடும்பத்தினரிடம் "இவர் இன்னும் அதே ஆள் என்று தோன்றுகிறதா" என்று கேட்டார்கள். அந்நியராகிவிட்டார் என்ற உணர்வு அதிகம் இருந்தது மறதி நோய்க் குடும்பங்களில் இல்லை, நெற்றிப்பகுதி பாதிக்கப்பட்டவர்களின் குடும்பங்களில். இரக்கம், நேர்மை, பிறருக்காகப் பார்ப்பது போன்ற குணங்கள் மாறியபோதுதான் "இவர் அவர் இல்லை" என்று பட்டது. நினைவு போனதற்கு அவ்வளவு பங்கு இல்லை.

அக்கா, இரண்டு கேள்வி. அண்ணன் கை நீட்டுகிறாரா? அப்படியானால் அண்ணியும் பிள்ளைகளும் முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போகட்டும், மற்றதெல்லாம் பிறகு. அப்புறம், முன்பு அவர் மனம் லயித்துச் செய்த காரியம் ஏதாவது உண்டா?


சிப்புட் தங்கச்சி:

கை நீட்டியதில்லை தம்பி, வாய்தான். மனம் லயித்தது என்றால் உறுமி. கோவில் திருவிழாவுக்கு அவருடைய குழு இல்லாமல் இருந்ததில்லை. விபத்துக்குப் பிறகு ஒரு நாள் பக்கத்து வீட்டில் உறுமியைக் கொடுத்தார்கள், அடி ஒன்றுகூடத் தப்பாமல் வாசித்தார். ஆனால் குழுவில் யாரும் கூப்பிடுவதில்லை, திட்டிவிடுவாரோ என்று பயம்.


தோட்டத்துப் பிள்ளை:

நீங்கள் எல்லாரும் ஆள் யார் என்பதை அவருடைய மண்டைக்குள்ளேயே தேடுகிறீர்கள், எனக்கு அது உடன்பாடில்லை.

மணி சொன்ன ஆய்வில் கேள்வி கேட்டது யாரிடம்? குடும்பத்தாரிடம். நோயாளியிடம் "நீ அதே ஆளா" என்று யார் கேட்டார்கள்? கூட இருப்பவர்களுக்கு எப்போது ஒருவர் அந்நியமாகத் தெரிகிறார் என்பதைத்தான் அது சொல்கிறது, அவர் யார் என்பதைச் சொல்லவில்லை. இரண்டும் வேறு. தங்கச்சியின் அண்ணன் "நீங்கதான் மாறிட்டீங்க" என்று சொன்னதை எல்லாரும் நோய் என்று ஒதுக்கிவிட்டீர்கள். இப்போது தங்கச்சியே எழுதியிருக்கிறார் பாருங்கள், குழு கூப்பிடுவதில்லை என்று. வேலையும் இல்லை. வீட்டில் எல்லாரும் பயந்து பயந்து பேசுகிறார்கள். மாறியது அவர் மட்டும்தானா?

நான் பிறந்த தோட்டம் 1980களில் கைமாறி மேம்பாட்டுக்குப் போனது. கித்தா (ரப்பர்) மரம் போனது, லயம் போனது, கோவிலைப் பெயர்த்து ரோட்டோரம் வைத்தார்கள், எங்களைப் பல திசையிலும் தாமான் (புதுக் குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கும் அடுக்குமாடிக்கும் அனுப்பினார்கள். தலையில் ஓர் அடியும் படாத எத்தனையோ அப்பாக்கள் அந்தச் சில வருடங்களில் வேறு ஆளாகிப் போனார்கள். தோட்டத்தில் இருந்தவரை ஒருவர் இன்னார் மகன், இன்ன நிரை வெட்டுகிறவர், தீமிதிக்குக் கரகம் எடுக்கிறவர், கல்யாண வீட்டில் பந்தி பார்க்கிறவர். சொல்ல எல்லாருக்கும் ஏதோ ஒன்று இருந்தது. வெளியே வந்ததும் அவர் ஒரு பாதுகாவலர் சட்டைக்குள் போய்விட்டார், அங்கே அவரை யாருக்கும் தெரியாது. என் அப்பா அதிகம் பேசுகிற மனிதர், நகரத்துக்கு வந்து ஊமைபோல ஆனார். ஞாபகம் போகவில்லை, மூளை பழுதில்லை.

நம் சைவ சித்தாந்தத்தில் மெய்கண்டார் வழியில் சொல்வார்கள், உயிர் எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகும் என்று. பளிங்கு தன் பக்கத்தில் வைத்த பொருளின் நிறத்தைக் காட்டுவது போல. பளிங்கு இல்லை என்று ஆகிவிடாது, ஆனால் பக்கத்தில் எதை வைக்கிறோம் என்பது நம் கையில்தானே இருக்கிறது. காயத்தை நான் மறுக்கவில்லை. காயம் பட்ட மனிதரைச் சுற்றி யார் நிற்கிறார்கள் என்பதும் அவர் யாராக ஆவார் என்பதில் பாதி என்கிறேன்.


கூலிம் மல்லிகா:

அண்ணே, நீங்கள் சொல்வது உண்மைதான், ஆனால் அதைப் பக்கத்தில் நிற்கிற பெண்ணின் தலையில் சுமத்திவிடாதீர்கள். அண்ணி நல்லபடியாக நின்றால் அவர் நல்லவர் ஆவார் என்று கேட்கிற மாதிரி இருக்கிறது. வேலைக்குப் போய்விட்டு வந்து ஏச்சும் வாங்கிக்கொண்டு அவர் வண்ணத்தை மாற்றிக்கொண்டிருக்க அண்ணியால் எத்தனை நாள் முடியும்?

தங்கச்சி, அம்மா சொல்வதும் அண்ணி சொல்வதும் முரண் மாதிரித் தெரிகிறது, எனக்கு அப்படிப் படவில்லை. அம்மா அவரை ஏற்றுக்கொண்டது பிறந்த அன்றைக்கு, அப்போது அவருக்குக் குணம் என்று ஒன்றும் இல்லை. அதனால் குணம் போனாலும் அம்மாவுக்குப் பிள்ளை போவதில்லை. அண்ணி அவரைப் பார்த்து, பேசி, இவர் இப்படிப்பட்டவர் என்று நம்பித்தான் கட்டிக்கொண்டார். அந்த இப்படிப்பட்டவர் இல்லை என்கிறபோது அவர் இழந்தது நிஜம். ஆள் உயிரோடு இருப்பதால் அழக்கூட அவருக்கு வழியில்லை, துக்கம் விசாரிக்க யாரும் வரப்போவதில்லை. அவர் கொஞ்ச நாள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வரட்டும், அதைக் குற்றமாகப் பேசாமல் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.


பழைய வாத்தியார்:

மல்லிகா சொன்னதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை. தோட்டத்துப் பிள்ளை, உன் அப்பாவைப் பற்றி எழுதியதை இரண்டு தரம் படித்தேன். நான் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளின் தகப்பன்மார் பலரை அப்படிப் பார்த்திருக்கிறேன்.


சிப்புட் தங்கச்சி:

எல்லாவற்றையும் படித்தேன், அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். மல்லிகா அக்கா எழுதியதை அண்ணிக்கு அனுப்பினேன். உடனே போன் செய்து ரொம்ப நேரம் அழுதார். விபத்துக்குப் பிறகு அவர் என்னிடம் அழுதது இதுதான் முதல் தடவை. இந்த வாரக் கடைசியில் பிள்ளைகளோடு அவர் அம்மா வீட்டுக்குப் போகிறார், பள்ளி விடுமுறை முடியும்வரை அங்கேயே இருக்கட்டும் என்று நானே சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு மனமில்லை, இருந்தாலும் தடுக்கவில்லை.

அண்ணன் அதே ஆளா என்பதற்கு எனக்கு இன்னும் ஒரே பதில் கிடைக்கவில்லை. ஆனால் அவர் என்னிடம் "நீங்கதான் மாறிட்டீங்க" என்று அடுத்த முறை சொன்னால், இல்லை என்று மறுக்காமல் எதில் மாறினோம் என்று கேட்கப் போகிறேன். உறுமிக் குழுத் தலைவரிடம் நேற்றுப் பேசினேன், மருத்துவர் சரி என்றால் பயிற்சிக்கு மட்டும் வரட்டும், திட்டினால் நாங்கள் பொறுத்துக்கொள்கிறோம், சின்னப் பையன்கள் இருக்கும்போது மட்டும் வேண்டாம் என்றார்.

மணி தம்பி, வேலை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் நடந்த விபத்து என்றால் பெர்கேசோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில்) ஏதாவது கேட்க முடியுமா? அப்போது மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் ஓடினதில் நாங்கள் யாரும் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை.


புனர்வாழ்வு மணி:

முடியும் அக்கா. அவர் பெயரில் சந்தா கட்டியிருந்தால், வேலைக்கும் வீட்டுக்கும் இடையிலான பயணத்தில் நடந்த விபத்தும் வேலை விபத்துத் திட்டத்தில் வரும். உதவித்தொகை மட்டும் இல்லை, மீண்டும் வேலைக்குத் திரும்ப வைக்கிற திட்டமும் அவர்களிடம் 2007 முதல் இருக்கிறது, மலாக்காவில் அவர்களுடைய பெரிய மறுவாழ்வு மையம் உண்டு, தங்கிச் சிகிச்சை பெறலாம். போலீஸ் ரிப்போர்ட், மருத்துவமனை அறிக்கை, அன்றைக்கு எத்தனை மணிக்கு ஆலையில் இருந்து வெளியானார் என்பதற்கான பதிவு, சம்பளச் சீட்டு, ஐசி (அடையாள அட்டை) நகல், இவற்றைத் திரட்டிக்கொண்டு அருகில் உள்ள அவர்களுடைய அலுவலகத்துக்குப் போங்கள், இனியும் தள்ளிப்போட வேண்டாம். குணம் மாறியதையும் மருத்துவர் அறிக்கையில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். கை கால் நன்றாக இருப்பதால் பல பேருக்கு அது அறிக்கையில் விட்டுப்போகிறது. அண்ணன் கூடவே வரட்டும், அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு நீங்கள் மட்டும் உள்ளே போய்ப் பேசாதீர்கள்.